ராசியான பாலூட்டும் அறை

திருவொற்றியூரில் மிளகாய் அரைத்துப் பொட்டலம் போட்டு ஏற்றுமதி செய்யும் ஆன்றோ நயினார் மசாலா நிறுவனத்தின் முதலாளிகள் இருவரும் சட்டத்துக்குப் பயந்தவர்கள் அல்லர். சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பவர்களுக்குப் பயந்தவர்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொட்டலப் பிரிவில் வேலை செய்த செங்கொடி, தன் பிள்ளைக்குப் பால் கொடுக்க இடம் தேடி அலைந்த நாட்களில் நன்றாகவே கற்றுக்கொண்டாள்.

பேறுகால விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய வாரத்தில் ஆய்வு அதிகாரி ஓர் அம்மையார் வந்தார். ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் எங்கே என்று கேட்டார். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தாய்க்கு வேலைக்கு நடுவே இரண்டு முறை பாலூட்ட நேரம் தரவேண்டுமே, தருகிறீர்களா என்றும் கேட்டார். ஆன்றோ நெஞ்சில் கைவைத்து, "நம்ம பிள்ளைகளுக்கு நாம செய்யாம வேற யாரு மேடம் செய்வா?" என்றார். அதுவரை அந்த நிறுவனத்தில் பிள்ளை பெறப் போன பெண் எவளும் திரும்பி வந்ததில்லை. வராதவர்களுக்குச் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. ஆகவே எல்லாம் செய்யப்பட்டே இருந்தது. செங்கொடிதான் அந்த நல்ல ஒழுங்கைக் கெடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

வராமல் இருக்க அவளால் முடியவில்லை. கணவன் அன்பரசன் எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் கிடங்கில் இரவு வேலை பார்த்தான். காலடிப்பேட்டையில் அவர்கள் இருந்த ஒற்றை அறையின் வாடகை, அவன் ஒருவன் சம்பளத்துக்கு அடங்கவில்லை. பிள்ளைக்குச் செங்குட்டுவன் என்று பெயர். இமயம் வரை போய் வந்த மன்னனின் பெயரைத் தாங்கியிருந்தும் அந்தப் பிள்ளைக்குத் தாயின் மடியைத் தாண்டி ஓர் அடி நகரவும் மனமில்லை. புட்டியின் ரப்பரை வாயில் வைத்தால் நாக்கால் தள்ளித் துப்பிவிட்டு, தெருவே எழுந்து வரும்படி அழுவான். எனவே அன்பரசன் தூக்கம் கலைந்த கண்களோடு காலையில் ஒரு தடவையும் பிற்பகலில் ஒரு தடவையும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிறுவனத்தின் வாசலுக்கு வருவான்.

வாசலில் பால் கொடுக்க முடியாது; லாரி நிற்கும் இடம். பொட்டலம் போடும் கூடத்திலும் முடியாது. அங்கே பறக்கும் மிளகாய்த்தூளில் வயது வந்தவர்களே மூக்கைச் சிந்தியபடி இருப்பார்கள். கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவி, மேலே போட்ட கோட்டைக் கழற்றி உதறி, தூசி எட்டாத ஓர் இடத்தில் உட்கார்ந்தால்தான் பிள்ளை வாய் வைக்கலாம். அப்படியொரு இடம் அந்த வளாகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அலுவலகத்தை ஒட்டி, தரையில் ஓடு பதித்து, குழாயும் மின்விசிறியும் வைத்து, முதலாளிகள் இருவரும் மத்தியானம் கண்ணயர்வதற்கென்று கட்டிய அறை. அதிகாரி போன கையோடு அதைத் தாய்மார்களுக்கென்று விட்டுக்கொடுத்தார்கள். அந்தத் தியாகத்தைப் பற்றி இருவரும் பலமுறை பேசியதால் அது பலருக்கும் தெரியும்.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சாமி இல்லாமல் ஓர் அறையைத் திறக்க அவர்களுக்குத் தெரியாது. கடை திறந்தாலும், கிடங்கு திறந்தாலும், புதிதாகத் தராசு வாங்கினாலும் அவர்கள் ஊர் வழக்கம் அது. ஆன்றோ சொந்த ஊரான தூத்துக்குடியிலிருந்து, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் மாதாவின் சுரூபம் ஒன்றை வரவழைத்தார். ஒரு பக்கம் மட்டும் மெழுகுவர்த்தி எரிந்தால் கூட்டு வியாபாரம் சாய்ந்துவிடும் என்று கூட்டாளி ஆறுமுகநயினார், கார்த்திகைப் பெண்கள் அறுவரும் ஆளுக்கொரு முருகனை மடியில் வைத்திருக்கும் பெரிய படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினார். குத்துவிளக்கு வந்தது. ஊதுவத்தி வந்தது. தேங்காய் உடைக்க ஒரு கல்லும் வந்தது. பிள்ளையோடு ஒரு தாயையும் நாற்காலியையும் தவிர அந்த அறையில் எல்லாமே இருந்தன.

திறப்பு விழாவன்று செங்கொடியை விளக்கேற்றச் சொன்னார்கள். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏற்றினாள். பசியில் பிள்ளை கத்தினான். வந்திருந்த விருந்தினர்கள் உள்ளேயே நின்று கேசரி தின்றதால் அன்று அவனுக்குப் பால் கொடுக்க இடமில்லை. அன்று மாலையே துறைமுகத்தில் வெகுநாளாகத் தடைபட்டுக் கிடந்த துபாய்ச் சரக்கு வெளியே வந்தது.

"அண்ணாச்சி, பாத்தீரா வே! அறை ராசியான அறை," என்றார் ஆன்றோ.

"ராசி இல்லாமலா? அந்த ஆறு தாய்மாரும் சும்மாவா உக்காந்திருக்காவ?" என்றார் நயினார்.

காரியம் கெட்டது அந்த நொடியில்தான்.

முதல் சில நாட்கள் செங்கொடி அங்கே நிம்மதியாக உட்கார்ந்து பால் கொடுத்தாள். பின்னர் காலையில் விளக்கு ஏற்றும் வரை உள்ளே போகக்கூடாது என்றார்கள். பிறகு, ஏற்றிய விளக்கு அடங்கும்வரை போகக்கூடாது என்றார்கள். அதற்குள் மல்லிப் பிரிவில் வேலை செய்த குப்பம்மா, மணமாகி நெடுங்காலம் பிள்ளையில்லாதவள், யாருக்கும் தெரியாமல் ஒரு மஞ்சள் துணியைச் சின்னத் தொட்டிலாக முடிந்து அறையின் சன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் போனாள். அடுத்த மாதம் மல்லி மூட்டைகளுக்கு நடுவே அவள் வாந்தி எடுத்தாள். அந்த வாந்தியின் புகழ் மதில் தாண்டிக் காலடிப்பேட்டை முழுவதும் பரவியது. கம்பிகளில் தொட்டில்கள் பெருகின. துணித் தொட்டில், மரத் தொட்டில், ஒரு வசதியான வீட்டம்மாள் கட்டிய வெள்ளித் தொட்டில். ஒவ்வொன்றிலும் பிள்ளைக்குப் பதிலாக ஒரு கூழாங்கல். பிறக்காத பிள்ளைகள் எல்லாம் மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருக்க, பிறந்துவிட்ட குற்றத்துக்காகச் செங்குட்டுவன் வெயிலில் காய்ந்தான்.

வாசல் காவலாளி இன்னாசி ராயபுரத்துக்காரர். வெள்ளிக்கிழமைகளில் தோளில் துண்டு போட்டுக்கொண்டு, வெளியிலிருந்து கும்பிட வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவர் ஏற்றுக்கொண்டார்.

"இன்னா நைனா, உள்ள வுடு. புள்ள அய்துகினு கீறான்," என்றான் அன்பரசன் ஒருநாள்.

"லைன்ல வாப்பா. அந்த அம்மா கொருக்குப்பேட்டைலேந்து வந்துகீது."

"லைனா? நா இன்னா சாமி பாக்கவா வந்தேன்? பால் குட்க்க வந்துகீறேன்."

"நீயா குட்க்கப் போற?" என்றார் இன்னாசி. வரிசையே சிரித்தது. அன்பரசனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைக்கு மட்டும் வரவில்லை.

செங்கொடி கை கழுவிக்கொண்டு ஓடிவந்து அறைக்குள் நுழையப் பார்த்தாள். நயினாரின் மனைவி ராமசெல்வி, பெண் தொழிலாளர்களை மேய்க்கும் பொறுப்பும் அறையின் பூசைப் பொறுப்பும் ஏற்றிருந்தவர், நிலைப்படியில் கைவைத்து மறித்தார்.

"எங்கட்டி போறே?"

"பால் குட்க்கக்கா."

"உள்ள விளக்கு எரியுதுல்லா. சாமி முன்னாடி மாராப்ப விலக்கிட்டு உக்காருவியோ? கொஞ்சமாச்சும் வெக்கம் வேண்டாமா?"

"அந்த மாதாவே அத்த தானக்கா பண்ணிகினு கீது? அத்த யாரும் வெளிய போன்னு சொல்லலியே."

ராமசெல்வி திரும்பிச் சுரூபத்தைப் பார்த்தார். இத்தனை நாளும் பூப்போட்டும் அது அவர் கண்ணில் பட்டதில்லை போலும். மறுநாள் மாதாவின் கழுத்துவரை ஒரு பட்டுச் சால்வை போர்த்தப்பட்டிருந்தது. மடியிலிருந்த தெய்வக் குழந்தைக்கும் அன்றோடு பால் நின்றது.

"சுத்தபத்தமா இருக்க வேண்டிய எடம் பாத்துக்கோ," என்று ராமசெல்வி பேச்சைத் தொடர்ந்தார். "உனக்கு எந்த ஊரு?"

"காலடிப்பேட்ட."

"அது வாடகைக்கு இருக்கது. பொறந்த எடத்தக் கேக்கேன்."

"வியாசர்பாடி."

"ம்," என்றார் ராமசெல்வி. அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்கவேண்டியதும் மிச்சமில்லை. சுத்தம் என்ற சொல்லுக்குள் பிள்ளையின் மூத்திரம் மட்டும் இல்லை, தான் பிறந்த தெருவும் இருக்கிறது என்பது செங்கொடிக்கு விளங்கிவிட்டது.

ஆன்றோவிடம் போனாள். அவர் இரக்கமுள்ளவர், யாரையும் இல்லை என்று சொல்லி அனுப்பியதில்லை. "நீ மல்லிக் கிடங்குல இருந்துக்கோ பிள்ள. மொளகாக் கிடங்குன்னாதானே நெடி? மல்லி நல்ல மணம்லா," என்றார். இரண்டு கிடங்குகளுக்கும் நடுவே சுவர் பாதி உயரம்தான் இருந்தது என்பது, அதைக் கட்டச் சொன்ன அவருக்கு நினைவில்லை. பிள்ளை இரண்டு வாய் குடித்தான், தும்மினான், கண் சிவக்க இருமி, குடித்ததை எல்லாம் அவள் மேலேயே கக்கினான். மறுநாள் அந்த மூட்டைகளைப் பார்த்ததும் மார்பில் வாய் வைக்கவே மறுத்துவிட்டான்.

பகலில் இறங்காத பால் கட்டிக்கொண்டது. நெஞ்சு கல்லாகக் கனத்தது. கோட்டின் முன்பக்கம் நனைந்து, நனைந்த இடத்தில் மிளகாய்த்தூள் அப்பிக்கொண்டு எரிந்தது. பிறகு மெல்ல மெல்லக் கனம் குறைந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அரசு மருத்துவமனையில் செவிலியம்மா கைவைத்துப் பார்த்துவிட்டு, "பகல்ல குடுக்காம வுட்டா சொரப்பு நின்னுடும்மா. அப்பால அழுதாலும் வராது. புட்டியும் எடுக்க மாட்டான்ற, இட்லியும் துப்புறான்ற. பாரு, எட போன மாசத்துலேந்து ஏறவேயில்ல," என்றார்.

அன்று வீட்டில் அன்பரசன் நெடுநேரம் பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"வேணாம்மே. வேலய வுட்று."

"வுட்டா? வாடகைய உன் கண்டெய்னரா வந்து குட்க்கும்?"

"அப்ப இன்னா தான் பண்றது?"

"அது என் ரூமு. சட்டம் போட்டு எனுக்குக் குட்த்தது. அந்தத் தொட்டிலுங்களுக்கு இல்ல," என்றாள் செங்கொடி. "மறுக்கா அந்த ஆபீசர் அம்மா வரும். வரட்டும், கேக்கறேன்."

அவளுடைய நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு வருகையின் மேல்தான் இருந்தது. வருகை ஒரு வெள்ளிக்கிழமைக்கு முடிவானது. முந்தைய நாளே ஆன்றோ பொட்டலப் பிரிவுக்கு வந்து, முறத்தில் உட்காரவிருந்தவர் சுதாரித்து ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, தேன் சொட்டப் பேசினார்.

"நாளைக்கு அந்த மேடம் வாறாவ. நீ பிள்ளையோட அறைக்குள்ள உக்காரணும். ஒரு போட்டோ. அவ்ளோதான்."

"பால் குட்க்கணுமா அண்ணாச்சி, குட்க்கற மாறி காட்டணுமா?"

"காட்டுனா போதும் பிள்ள. அப்புறம் பூசை இருக்குல்லா."

அதிகாரி வந்தார். கூடத்தில் பெண்கள் எல்லாரையும் நிற்கவைத்து, ஒலிபெருக்கி இல்லாமலேயே எல்லாருக்கும் கேட்கும் குரலில் பேசினார். தாய்ப்பால் குழந்தையின் பிறப்புரிமை என்றார். ஒரு குழந்தை பசித்து அழும்போது அதற்கு முன்னால் உற்பத்தியும் இல்லை, ஏற்றுமதியும் இல்லை, வேறு எதுவுமே இல்லை என்றார். ஆன்றோவும் நயினாரும் முதல் வரிசையில் நின்று, தாங்களே அதைச் சொன்னவர்கள்போலத் தலையாட்டினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். செங்கொடி பிள்ளையைத் தோளில் வைத்திருந்ததால் தட்டவில்லை. ஆனால் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டாள்.

பிறகு அறையைப் பார்க்க வந்தார்கள். நிலைப்படியில் அதிகாரி நின்றார். விளக்கைப் பார்த்தார். போர்த்திய மாதாவைப் பார்த்தார். கம்பி கொள்ளாமல் தொங்கிய தொட்டில்களைப் பார்த்தார். ஆன்றோவின் நெற்றியில் வியர்வை பூத்தது. இதோ கேட்கப்போகிறார் என்று செங்கொடி பிள்ளையோடு ஓர் அடி முன்னே வந்தாள்.

அதிகாரி குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"இதெல்லாம் வேண்டுதலா?" என்று அடங்கிய குரலில் கேட்டார்.

"ஆமா மேடம். கட்டுனவளுக்குப் பலிச்சிருக்கு. இந்தா நிக்காளே, குப்பம்மா," என்று ராமசெல்வி அவளை முன்னே தள்ளினார். குப்பம்மா மேடிட்ட வயிற்றைத் தடவிக்கொண்டு வெட்கப்பட்டாள்.

அதிகாரியின் கண்கள் கலங்கின. "என் பொண்ணுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். பாக்காத டாக்டர் இல்ல. நானும் ஒண்ணு கட்டலாமா?"

செங்கொடி பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். சட்டமே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடும்போது அதனிடம் எந்த வாயால் முறையிடுவது?

முதலில் போட்டோ எடுத்தார்கள். செங்கொடியைக் கீழே உட்காரவைத்து, பிள்ளையை முந்தானைக்கு மேலேயே அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதிகாரி நடுவிலும் முதலாளிகள் இரு பக்கமும் நின்றார்கள். பால் வாசனை எட்டிய பிள்ளை புடவையை வாயால் துழாவினான். வெறும் துணிதான் கிடைத்தது. படம் எடுத்து முடிந்ததும் ராமசெல்வி, "போதும்ட்டி, எந்திரி. ராகுகாலம் பொறக்கப் போவுது. அதுக்கு முந்தி மேடம் தொட்டில் கட்டணும்," என்றார். பிள்ளை வீறிட்டான். பூசைத் தட்டும் மஞ்சள் துணியும் எடுத்துவர எல்லாரும் அலுவலகத்துக்கு நகர்ந்தார்கள்.

செங்கொடி எழுந்தாள். வெளியே போகவில்லை. கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். குழாயைத் திறந்து கையை நிதானமாகக் கழுவினாள். பிறகு மாதாவின் கழுத்திலிருந்த சால்வையை உருவி, மடித்துக் கீழே போட்டு, அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து மாராப்பை விலக்கினாள். அழுகை சட்டென்று நின்றது.

முதலில் கதவைத் தட்டியவர் ராமசெல்வி. "ஏட்டி! யாரு தாப்பாள் போட்டது? தொற!"

"பால் குட்த்துகினு கீறேன்க்கா."

"நல்ல நேரம் போவுதுட்டி!"

"அதான், நல்ல நேரத்துலதான் குடிக்கிறான்."

நயினார் கையில் எரியும் கற்பூரத் தட்டோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மஞ்சள் துணியோடு அதிகாரி, அவருக்குப் பின்னால் ஆன்றோ. பூசை பார்க்கக் கூடத்திலிருந்த பெண்கள் அத்தனை பேரும் நடைவழியில் வந்து நிறைந்தார்கள்.

"உள்ளே யார்?" என்று அதிகாரி கேட்டார்.

ஆன்றோ கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். திறந்து போகச் சொன்னால், இவ்வளவு நேரம் அளந்தது அத்தனையும் பொய் என்று அதிகாரியின் முன்னாலேயே ஒப்புக்கொண்டதாகும். "தாய் மேடம்," என்றார், ஈன சுரத்தில்.

"வெளிய வரச் சொல்லுங்க. கட்டிட்டு நான் போயிடுறேன். அப்புறம் குடுக்கட்டுமே."

அப்போது நடைவழியிலிருந்து குப்பம்மாவின் குரல் வந்தது. அறையின் ராசிக்கு முதல் சாட்சி அவள்தான்; அதற்குக் குறை வருவதை அவள் சகிக்கமாட்டாள் என்றே ராமசெல்வி நினைத்திருந்தார். அவளோ வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, "மேடம், தோ இப்ப தானே சொன்னீங்கோ? கொயந்த பசிக்கு முன்னால வேற ஒன்னியும் இல்லன்னு?" என்றாள். "நாளிக்கு எனுக்கும் இத்தான ரூமு?"

பெண்கள் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அதிகாரியின் முகம் சிவந்தது. துணியை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அவருக்குள் இருந்த தாய் உள்ளே போய், அதிகாரி வெளியே வந்தார். "அதற்குத்தானே அறை," என்றார். பிறகு ஆன்றோவை நோக்கி, "தினமும் இப்படித்தான் கொடுக்கிறார்களா? தாழ் போட்டுக்கொண்டு?" என்று கேட்டார்.

"ஆமா மேடம். தெனமும். ரெண்டு வேளையும்."

கதவுக்கு உள்ளிருந்து செங்கொடி கேட்டாள்: "இன்னா சொன்னீங்கோ அண்ணாச்சி? செத்த கத்தி சொல்லுங்கோ, உள்ள ஃபேன் சத்தம்."

"தெனமும் ரெண்டு வேளையும், பிள்ள."

"வெள்ளிக்கெயமையும்?"

ஆன்றோ நயினாரைப் பார்த்தார். நயினாரின் விரலைக் கற்பூரம் சுட்டது. அதிகாரி இருவரையும் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையும்," என்றார் நயினார், தட்டைக் கீழே வைத்தபடி.

"தாப்பா போட்டுகினு?"

"போட்டுக்கோ தாயி, போட்டுக்கோ."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அது தொற்றிக்கொண்டது. ராமசெல்வி சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வையும் கதவை ஒரு பார்வையும் பார்த்தார். அதிகாரிக்குப் போகவும் மனமில்லை, நிற்கவும் கூச்சம். கடைசியில் கதவருகே குனிந்து, எவருக்கும் கேட்காது என்று எண்ணிக்கொண்டு, கெஞ்சும் குரலில் கேட்டார்:

"ராகுகாலத்துக்கு இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கும்மா. முடியப்போகுதா?"

"ஒரு பக்கம் ஆச்சு மேடம்," என்றாள் செங்கொடி. "இன்னொரு பக்கம் கீது."